கனத்த குழலுக்கு அடியில்

"இது துப்பாக்கியா மேடம்? தண்ணி பைப்புக்குக் கட்டை மாட்டி வெச்ச மாதிரி இருக்குது," என்றான் உதவியாளன் திலீப்.

மேசைமேல் கிடந்த ரைஃபிளைச் சாய்லக்ஷ்மி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தொடவில்லை. துப்பறியும் தொழிலுக்கு வந்ததிலிருந்து அவள் தேடியதெல்லாம் காணாமல் போன நகைகள், காணாமல் போன மாப்பிள்ளைகள். துப்பாக்கி இதுதான் முதல் தடவை. அதுவும் காணாமல் போகாத துப்பாக்கி. அதன் குறிதான் காணாமல் போயிருந்தது.

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற சாலையில், ஒரு மொட்டைப் பாறைக்குப் பின்னால் இருந்தது அந்த ரைஃபிள் கிளப். சுடுவதற்கு நீளமாக ஒரு கொட்டகை. ஐம்பது மீட்டர் தள்ளிக் குறி அட்டைகள். அவற்றுக்குப் பின்னால் மண்மேடு. கொட்டகையை ஒட்டி, இரும்புக் கதவு போட்ட ஆயுத அறை. அந்த அறைக்குள்தான் இப்போது எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள்.

"இதைப் பாருங்க மேடம்," என்று சிவப்பிரகாசம் ஒரு கண்ணாடிச் சட்டத்தை நீட்டினார். திருவாலங்காட்டில் கரும்பு போடுகிறவர். சட்டத்துக்குள் ஒரு குறி அட்டை. கண்ணாடிக்கு நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். "மெட்ராஸ்ல வாங்கறப்போ எம் பொண்ணு சுட்டது. அஞ்சு குண்டு. ஓட்டை ஒண்ணுதான். இப்ப இதைப் பாருங்க."

இரண்டாவது அட்டை நேற்றைக்குச் சுட்டது. சின்னம்மை கண்ட முகம் போல இருந்தது.

"நாளைக்குக் காலைல மாநில அணிக்கு ஆள் எடுக்கறாங்க. எதைத் தூக்கிகினு போவா அவ? குழலையே மாத்திட்டாங்க மேடம். சாவி இவன்கிட்டதான் இருக்குது."

சாவி வைத்திருந்த முருகவேல் சுவரோடு ஒட்டி நின்றான். கிளப்பின் துப்பாக்கிகளையும் இந்த ரைஃபிளையும் பூட்டி வைப்பதும் எடுத்துக் கொடுப்பதும் அவன் வேலை.

"நம்பரைப் பாருங்க மேடம். லைசென்ஸ்ல இருக்கற நம்பர்தான் குழல்லயும் இருக்குது. நான் எதை மாத்தறது?"

"பேசாதடா," என்றான் கதவருகே நின்ற பிரகாஷ். பள்ளிப்பட்டில் விசைத்தறி வைத்திருக்கிறவன். வெள்ளைச் சட்டை, விரலில் பெரிய மோதிரம். ரைஃபிளை வாங்கியவன் அவன்தான். லைசென்ஸும் அவன் பெயரில்தான். "மேடம், சாயங்காலத்துக்குள்ள கண்டுபுடிச்சுச் சொல்லுங்க. இல்லன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவேன். இவன் வேலை போவும். வேலையோட நின்னா அது அவன் அதிர்ஷ்டம்."

"கோவப்படாத பிரகாசு," என்றாள் சிவப்பிரகாசத்தின் மனைவி கன்னியம்மாள். பிறகு சாய்லக்ஷ்மியின் பக்கம் திரும்பினாள். "எங்க அண்ணன் பையன் மேடம். தங்கம். கழுத்துல தாலி ஏறல, அதுக்கு முன்னாடியே எவன் இம்மாம் பெரிய பொருள் வாங்கித் தருவான்? தேர்வு முடிஞ்ச கையோட நிச்சயம் வெச்சிருக்கோம்."

நிச்சயிக்கப்பட இருந்தவள் ஒரு மூலையில் நின்றிருந்தாள். கவிப்பிரியா. பத்தொன்பது வயது. சுடும்போது போடுகிற தடித்த ஜாக்கெட்டைக் கழற்றாமலே, பூட்டப்பட்டது போல நின்றாள்.

"எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க," என்றாள் சாய்லக்ஷ்மி. "கவியும் முருகவேலும் இருக்கட்டும்."

மற்ற மூவரும் போனார்கள். இரும்புக் கதவு சாத்திக்கொண்டது.

"கவி, இதைத் தேர்ந்தெடுத்தது நீதானே?"

"ஆங்."

"கடையில ரெண்டு காட்டினாங்களாம். இன்னொண்ணு எப்படி?"

"அது அழகா இருந்துச்சுக்கா. வால்நட் கட்டை, பூ வேலை எல்லாம் செஞ்சிருந்தாங்க. குழல் ஒல்லி. பிரகாஷ் பாவாவுக்கு அதுதான் புடிச்சுது. தோள்ல மாட்டிகினு போட்டோகூட எடுத்துக்கினாரு."

"அப்புறம் ஏன் இது?"

முதல் தடவையாக அவள் மேசையருகே வந்தாள்.

"கனம்க்கா. குண்டு கிளம்பறப்போ எந்தக் குழலும் நடுங்கும். ஒல்லிக் குழல் கம்பி மாதிரி துடிக்கும். இது தடிக் குழல். நடுங்கினாலும் தெரியாது. தூக்கிகினு நடந்தாத்தான் இது பாரம். படுத்துகினு சுடறவளுக்குப் பாரமே இல்ல, கையோட அடங்கிக் கெடக்கும். இந்த போல்ட்டைப் பாருங்க. ஒவ்வொரு குண்டுக்கும் நாமளே இழுத்து, நாமளே தள்ளிப் பூட்டணும். போன தடவ எப்படிப் பூட்டிச்சோ அப்படியேதான் இந்தத் தடவையும் பூட்டும். நம்மள அவசரப்படுத்தாது. வெறும் கட்டை, வெறும் இரும்பு. ஆனா சொன்ன சொல்லு தவறாது."

"இன்னாமா, துப்பாக்கியப் பத்திக் கேட்டா மாப்ளையப் பத்திச் சொல்ற?" என்றான் திலீப்.

அவள் முகம் மூடிக்கொண்டது. விளக்கை அணைத்த மாதிரி.

"நாளைக்கு எதை வெச்சுச் சுடப் போற?" என்றாள் சாய்லக்ஷ்மி.

"கிளப்புது ஒண்ணு இருக்குதுக்கா. பழசு. அதே போதும்."

"அது நல்லாச் சுடுமா?"

"சுடும்," என்றாள் கவி. அந்தச் சொல்லில் உயிரே இல்லை.

சாய்லக்ஷ்மி அவளைச் சற்று நேரம் பார்த்தாள். இந்த ரைஃபிளைப் பற்றி இவ்வளவு பேசியவள், அதற்கு என்ன ஆயிற்று என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"முருகவேல், இந்தக் குழல் கட்டையில எங்கெல்லாம் தொட்டுக்கிட்டு இருக்கும்?"

"பின்னாடி பூட்டுகிட்ட மட்டும்தான் மேடம் புடிப்பு. முன்னாடி பூரா அந்தரத்துல நிக்கணும். கட்டைல பட்டா ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பக்கம் போவும்."

"திலீப், வரும்போது எடுத்த பஸ் டிக்கெட் இருக்கா?"

"ஆபீஸ் செலவுல எழுதத்தானே பத்திரமா வெச்சிருக்கேன்," என்று எடுத்துக் கொடுத்தான்.

குழலுக்கும் மரக்கட்டைக்கும் நடுவில் மெல்லிய சந்து. சாய்லக்ஷ்மி டிக்கெட்டை முன்பக்கத்திலிருந்து அதற்குள் செருகி, பின்னோக்கித் தள்ளினாள். சுலபமாகப் போனது. ஒரு சாண் போனதும் நின்றுவிட்டது. இழுத்து மறுபடி தள்ளினாள். மறுபடி அதே இடத்தில் நின்றது.

"பள்ளிப்பட்டு வரைக்கும் டிக்கெட் எடுத்தா, பாதி வழியில எறக்கி உட்டுட்டானே," என்றான் திலீப்.

"உள்ளே ஏதோ இருக்கு. கழட்டுங்க முருகவேல். ஒரு நிமிஷம், பொறுங்க."

ரைஃபிளைத் திருப்பிப் போட்டதும் அடியில் இரண்டு திருகுகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பாக ஒரு கோடு. அந்தக் கோடு அப்படியே தொடர்ந்து மரக்கட்டையிலும் ஓடியது.

"இது என்ன?"

"நகப் பாலிஷ்," என்றாள் கவி தரையைப் பார்த்து. "கழட்டித் தொடச்சு மறுபடி பூட்டறப்போ அதே எடத்துல நிக்கணும்னு நான் போட்ட கோடு."

இரண்டு கோடுகளும் மயிரிழை பிசகாமல் சேர்ந்திருந்தன. சாய்லக்ஷ்மி தலையசைத்தாள். முருகவேல் திருகுகளைக் கழற்றிக் குழலைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே இரண்டடி பின்னால் போனான். செருப்பைக் கழற்றிவிட்டான்.

"முருகா... தகடு மேடம்!"

குழல் படுத்திருந்த பள்ளத்தில், விரல் நீளத்துக்குச் சுருட்டிய செப்புத் தகடு ஒன்று கிடந்தது. மலையடிவாரத்தில் மந்திரித்துக் கொடுக்கிறார்களே, அந்த மாதிரி. அதைச் சுற்றி, துப்பாக்கி துடைக்கிற வெள்ளை ஃபிளானல் துணி.

"என் கைரேகை இதுல இல்ல, இருக்கவும் போறதில்ல," என்று திலீப் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

சாய்லக்ஷ்மி அதை எடுத்து முகர்ந்தாள். மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். சர்க்கரைப் பொங்கலில் ஏலக்காய் ஒன்று குறைந்தாலும் அடுத்த மண்டபத்திலிருந்தே சொல்லிவிடுகிற மூக்கு. முதலில் துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெயின் வாசனை வந்தது. அதற்கு அடியில், துடைத்தும் போகாத சந்தனம்.

"திலீப், ஒருத்தர் இந்தத் துப்பாக்கியைக் கெடுக்க நினைக்கிறார். தகட்டை உள்ளே வைக்கிறார். சரி. துணி எதுக்கு?"

"தகட்டுக்குக் குளுருமேன்னு."

"குழல்ல கீறல் விழக்கூடாதேன்னு. சந்தனத்தைத் துடைச்சுட்டு எண்ணெய் போட்டது எதுக்கு?"

"ஈரம் பட்டா துரு புடிக்கும்."

"திருகைக் கழட்டினவர் அந்தச் சிவப்புக் கோட்டுலயே கொண்டாந்து நிறுத்தினது எதுக்கு?"

"இப்படி ஒரு எதிரி எனக்கு வாய்ச்சிருந்தா, என் பைக் இன்னும் புதுசாவே இருந்திருக்கும் மேட..."

சொல்லிக்கொண்டே போனவன் நின்றான். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கே அப்போதுதான் புரிந்தது. திரும்பிக் கவிப்பிரியாவைப் பார்த்தான்.

அவள் அழவில்லை. கழற்றிக் கிடந்த குழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லைசென்ஸ் அவர் பேர்லக்கா," என்றாள். "துப்பாக்கி எங்க போனாலும் அவரும் கூட வரணும். மெட்ராஸ் போனாலும், வடக்க எங்கயாவது போனாலும். அது சட்டம். சுட்டு முடிச்சா தொடச்சு அவர் கையில குடுக்கணும், அவர்தான் இங்க பூட்டக் குடுப்பாரு. போன மாசம் நான் பக்கத்து லேன்ல சுடற பையன்கிட்ட காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு கேட்டேன். அதுக்கு மூணு நாள் துப்பாக்கியக் கண்ல காட்டல. கல்யாணம் வேணாம்னு வீட்ல சொல்லிப் பார்த்தேன். அம்மா பேச்சே எடுக்க உடல."

"அதனால?"

"துப்பாக்கியே சரியில்லன்னு ஆயிட்டா, திருப்பி எடுத்துகினு போயிருவாங்க. நான் கிளப்புதுலயே சுட்டுக்கறேன். தோத்தாலும் நான் தோத்தது."

"ஒரு தகரத் துண்டு போதாதா? தகடு எதுக்கு?"

"தகரம்னா யாராவது பார்த்தா தூக்கிப் போட்டுருவாங்க. தகடுன்னா சாமி விஷயம். தொட பயப்படுவாங்க. ஜெயிப்பேன்னு அம்மா மந்திரிச்சுக்கினு வந்து குடுத்துச்சு. ஜாக்கெட் பையில வெச்சுக்கச் சொல்லிச்சு."

வெளியே கரும்பு லாரி ஒன்று சாலையை அதிர வைத்துப் போனது.

"அப்போ என் வேலை மேடம்?" என்றான் முருகவேல் மெதுவாக. "நான் எதுவும் சொல்லல. சும்மா கேக்கறேன்."

சாய்லக்ஷ்மியைப் பணம் கொடுத்து அழைத்தவர் பெண்ணின் அப்பா. உண்மையைச் சொன்னால் பெண் அகப்படுவாள். சொல்லாவிட்டால் இவன் அகப்படுவான்.

யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. இரும்புக் கதவு திறந்தது. முன்னால் பிரகாஷ். அவனுக்குப் பின்னால் சிவப்பிரகாசமும் கன்னியம்மாளும்.

"இன்னா அது?" என்றான் பிரகாஷ்.

யாரும் மறைக்கவில்லை. மறைக்க இடமும் இல்லை. அவன் கிட்டே வந்து பார்த்தான். கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்து தரையில் கொட்டியது.

"சூனியம்," என்றான். "என் பேர்ல இருக்கற பொருள். அதுக்குள்ள, கண்ணுக்குத் தெரியாம தகடு. யாரோ எனக்குச் சூனியம் வெச்சிருக்கான்."

கவிப்பிரியாவின் கணக்கு உடைந்தது அந்த இடத்தில்தான். பையில் இருக்கிற தகடு வேண்டுதல். அடுத்தவன் பொருளுக்குள் ஒளித்து வைத்த தகடு ஏவல். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரிகிற இந்த வித்தியாசத்தை, குழலில் கீறல் விழக்கூடாது என்பதிலேயே கவனமாக இருந்தவள் யோசிக்க மறந்துவிட்டாள்.

பிரகாஷ் முருகவேலின் சட்டைக் காலரைப் பிடித்தான். "எவன்டா குடுத்தான் உனக்கு? சொல்லு!"

முருகவேலின் முதுகு அலமாரியில் மோதியது. அவனுக்கு யார் வைத்தது என்று தெரியும். ஒரே ஒரு தடவை கவியைப் பார்த்தான். பிறகு வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

"பாவா," என்று கவி ஓர் அடி முன்னால் வைத்தாள்.

கன்னியம்மாள் அதற்குள் மேசையருகே வந்திருந்தாள். தகட்டைப் பார்த்தாள். அவள் கொடுத்த தகடு. அதற்குப் பக்கத்தில் திருகுகள் கிடந்தன. தலையில் சிவப்புக் கோடு. போன வாரம் மகளுக்கு அவளே வாங்கிக் கொடுத்த நகப் பாலிஷ். மகளின் கையைப் பார்த்தாள். அதே சிவப்பு. பார்த்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை.

"அவனை உடு பிரகாசு," என்றாள். "நான்தான் வெச்சேன்."

பிரகாஷின் கை தளர்ந்தது. "அத்தை?"

"ஆங். நான்தான்."

"உனக்கு இதெல்லாம் கழட்டத் தெரியுமாடி?" என்றார் சிவப்பிரகாசம்.

"தையல் மிஷினக் கழட்டி மாட்டறவளுக்கு ரெண்டு திருகு பெரிய வேலையா?"

"அம்மா..." என்றாள் கவி.

"நீ வாய மூடு."

"எதுக்கு அத்தை?" என்றான் பிரகாஷ். அந்த ஒரு கணத்தில் அவன் அடிபட்ட சின்னப் பையனாகத் தெரிந்தான். "நான் உனக்கு இன்னா செஞ்சேன்?"

கன்னியம்மாள் மகளுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"உனக்குப் பொண்ணக் குடுக்க மனசு வரல. அண்ணன் மூஞ்சியப் பார்த்து வாயால சொல்ல முடியல. அதான்."

"எங்கப்பாகிட்ட இன்னான்னு சொல்லட்டும்? ஒன் தங்கச்சி ஒன் பையனுக்குச் சூனியம் வெச்சாள்னா?"

"சொல்லு."

"அதுக்கப்புறம் நீ எங்க வாசப்படி..."

"மிதிக்கல. போ."

சிவப்பிரகாசம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மடியில் கண்ணாடிச் சட்டம். மனைவியின் பக்கமே திரும்பாமல் சாய்லக்ஷ்மியைக் கேட்டார்.

"அந்தத் தகட்டை எடுத்துட்டா துப்பாக்கி பழையபடி சுடுமா மேடம்?"

"சுடும்."

"அஞ்சும் ஒரே ஓட்டையா?"

"ஆமா."

அவர் குங்குமம் வைத்த அட்டையைத் தடவிக்கொண்டார்.

"எவனும் எடுக்கக் கூடாது," என்றான் பிரகாஷ். "யாரு உசுருக்கு ஆகுமோ தெரியாது. எங்க பூசாரி வந்து எடுக்கட்டும். அப்புறம் இதை வித்துத் தொலைச்சிடறேன். அப்படியே பூட்டிக் குடுங்க."

முருகவேல் தொடத் தயங்கினான். கவிதான் முன்னால் வந்தாள். தகட்டை அதே இடத்தில் வைத்தாள். துணியின் மடிப்பைச் சரிசெய்தாள். குழலை இறக்கினாள். இரண்டு திருகுகளையும் முடுக்கி, சிவப்புக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் தேர்ந்தெடுத்த துப்பாக்கியை அவள் கையாலேயே இரண்டாம் தடவையாகக் கெடுத்தாள். இந்தத் தடவை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரகாஷ் குழலைக் கையால் பற்றி ரைஃபிளைத் தூக்கினான். உள்ளங்கை வியர்த்திருந்தது.

"குழல் மேல கை வைக்காத பாவா," என்றாள் கவி. "வேர்வை பட்டா துரு புடிக்கும்."

அவன் அவளைப் பார்த்தான். ஏதோ புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. ரைஃபிளைப் பெட்டியில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போனான்.

கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. சிவப்பிரகாசம் எழுந்து வெளியே நடந்தார். சட்டம் ஸ்டூலின் மேலேயே கிடந்தது. கவி, முருகவேல் எடுத்துக் கொடுத்த கிளப்பின் பழைய ரைஃபிளை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

கன்னியம்மாள் அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாய்லக்ஷ்மி பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்ககிட்ட அவ முதல்லயே சொல்லியிருக்கலாம்மா."

"சொன்னா. போன மாசம் சொன்னா. அடிச்சேன்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆடிக் கிருத்திகைக்கு எங்க அண்ணன் வீட்டுலேர்ந்துதான் எனக்குப் புடவை வரும், மேடம். கல்யாணமானதுலேர்ந்து ஒரு வருசம்கூடத் தப்புனதில்ல."

கொட்டகையிலிருந்து முதல் குண்டின் சத்தம் வந்தது. பிறகு போல்ட்டை இழுத்துத் தள்ளுகிற சத்தம். அடுத்த குண்டு. அவள் அவசரப்படவில்லை.

ஐந்து முடிந்ததும் திலீப் பைனாகுலரை எடுத்து அட்டையைப் பார்த்தான். பார்த்துவிட்டு அதைச் சாய்லக்ஷ்மியிடம் கொடுத்தான். மூன்று ஓட்டைகள் கருப்பு வட்டத்துக்குள், ஆளுக்கொரு திசையில். ஒன்று விளிம்பில். ஒன்று வெளியே, வெள்ளையில்.

கன்னியம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தக் கிளப்புத் துப்பாக்கி நல்லாச் சுடுதா மேடம்?"

சாய்லக்ஷ்மி பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"சுடுது," என்றாள்.